ஐந்தாவது பத்திக்கு ஒரு தன்னிலை விளக்கம்

அம்மா,

இன்று காலை பத்தரை மணிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். கணவருக்கு நாற்பது வயது இருக்கும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வசதியாக இருந்ததால் நானும் அதையே பார்த்தேன். மனைவிதான் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இத எழுதி எடுத்துக்கினு போனா டாக்டருக்குச் சட்டுனு புரியும்னு சொன்னாங்க சார். யாரு போட்டதுன்னு விசாரிச்சா உங்க வீட்டக் காமிச்சாங்க."

எத்தனையாவது நகலோ தெரியவில்லை, ஓரமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. மேலே நடுவில் ‘தன்னிலை விளக்கம்’ என்று தலைப்பு. அதன் கீழே ஐந்து கேள்விகள். நான் படித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ‘ழ’ வருகிற இடத்திலெல்லாம் அந்த எழுத்து மட்டும் வரியை விட்டு அரை நூல் மேலே எகிறி நின்றது. உங்கள் தட்டச்சு இயந்திரத்தின் ‘ழ’. அதைச் சரிசெய்ய ஆள் அனுப்பச் சொல்லி நான் மூன்று முறை குறிப்பு எழுதினேன். நீங்கள்தான், "வுடுங்க சார், அதுவும் என்ன மாதிரி, வரியில நிக்காது" என்று தடுத்துவிட்டீர்கள்.

இதைத் தயாரித்தவர் என்னோடு வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மா என்றும், போன வருடம் காலமாகிவிட்டார் என்றும் சொன்னேன். அந்தப் பெண்மணி "அய்யய்யோ" என்றார். கணவர் நாட்காட்டியிடம் சொல்வதுபோல, "நாலாவது கேள்வி கரெக்டா கேட்டுக்கீறாங்க" என்றார்.

அவர்கள் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். குறிப்பு போட்டுக்கொள்ளாமல் என்னால் ஒரு கடிதமும் எழுத முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே:

1. நாம் எப்படிப் பழகினோம் என்பது.
2. எனக்கு இருப்பது இன்னது என்று தெரியவந்த விதமும், அப்போது நான் செய்த பிழையும்.
3. உங்களுக்கு இருப்பது தெரியவந்த விதம்.
4. முன்பின் தெரியாதவர்களுக்காக நீங்கள் செய்தவை.
5. நீங்கள் படுத்துவிட்ட அந்த இரண்டு மாதங்களில் என்னால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை என்பது.

ஐந்தாவதை ஒப்புக்கொள்வதற்காகத்தான் இந்தக் கடிதம். நான்கு வருடமாக அது என் நெஞ்சில் இருக்கிறது. எல்லாரையும் தூக்கி நிறுத்திய ஒருவர் விழுந்தபோது, அவரால் நிமிர்ந்த நான் என்ன செய்தேன்? நீங்கள் இருந்தபோதே கேட்டிருக்கலாம். பயம். நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்ற பயம்.

மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருடம் அது. வேலூரிலிருந்து லாரி லாரியாகக் கோப்புகள் வந்து இறங்கின. அவற்றைப் பிரித்து அடுக்கும் வேலை எனக்கு. அந்த அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். நீங்கள் அடி அண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்து, முதல் நாளே இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தீர்கள். கன்னத்தில் கார்பன் கறை எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீங்கள் அதற்குள் ஒரு வரிகூட அடித்திருக்கவில்லை.

உங்கள் சாப்பாட்டு டப்பாவை என் மேசைமேல், மைப்பெட்டியிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்தீர்கள். நான் எடுத்து உங்கள் மேசையில் வைத்தேன். சற்று நேரத்தில் அது திரும்பவும் என் மேசைக்கு வந்தது. மூன்றாவது முறை நான் எடுத்தபோது கேட்டீர்கள்.

"இன்னா சார், மேசைக்குப் பட்டா வாங்கி வெச்சிக்கீறீங்களா?"

அறை முழுக்கச் சிரித்தது. நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "இது அரசு மேசை. இதற்குப் பட்டா கிடையாது."

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். மறுநாள் சாக்பீஸால் இரண்டு மேசைகளுக்கும் நடுவே தரையில் ஒரு கோடு கிழித்தீர்கள். "அந்தப் பக்கம் உங்க ஜில்லா, இந்தப் பக்கம் என் ஜில்லா. மாவட்டத்தையே பிரிச்சிட்டாங்க, மேசையப் பிரிச்சா இன்னா?" என்றீர்கள். அதற்குப் பிறகு டப்பா கோட்டைத் தாண்டவில்லை. உங்கள் பேனா, குடை, பஸ் பாஸ், அவசரக் கோப்பு எல்லாம் எங்கெங்கோ போயின. டப்பா மட்டும் தாண்டவில்லை. ஒரு மனிதனுக்கு எது வேண்டும் என்று கண்டுபிடித்து அதைக் கேலி இல்லாமல் கொடுத்த முதல் ஆள் நீங்கள். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு.

பிறகு வேலையும் அப்படியே பிரிந்தது. நீங்கள் தொலைத்த கோப்பு எந்த அலமாரியில் எத்தனையாவது அடுக்கில் இருக்கும் என்று நான் சொல்வேன். எனக்கு வரும் தொலைபேசியை நீங்கள் எடுப்பீர்கள். மணி அடித்தாலே எனக்கு ஆகாது என்பதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

இனி இரண்டாவது. தீபத் திருவிழாவுக்கு நம்மைப் போன்ற அலுவலர்களுக்குச் சிறப்புப் பணி போடுவார்கள் அல்லவா? எட்டொன்பது வருடம் ஏதேதோ சொல்லித் தப்பித்தேன். அந்த வருடம் தகவல் கொட்டகையில் போட்டுவிட்டார்கள். கூட்டத்தில் பிரிந்து போனவர்களின் பெயரை எழுதி அறிவிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். தகரக் கூரை. என் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மதியத்திலிருந்து எழுதினேன். ஒரு பெயர்கூடத் தப்பாகவில்லை. மாலை ஆறு மணிக்கு மலைமேல் சுடர் தெரிந்தது. அத்தனை ஜனமும் ஒரே குரலில் அரோகரா என்றது. மற்றவர்களுக்கு மெய்சிலிர்க்கும் நொடி அது. என் உடம்புக்கு அது இடி விழுந்ததுபோல இருந்தது. எழுதுபலகையைப் போட்டுவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் நினைவில்லை. வேங்கிக்கால் வரை நடந்து அலுவலகப் பதிவறைக்குள் போய் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை நீங்கள்தான் வந்தீர்கள். எங்கே இருப்பேன் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

"சார், டீ. வெளிய வர வேணாம். இங்கயே வெச்சிட்டுப் போறேன்."

தம்ளரைத் தரையில் வைத்து, கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனீர்கள். கோயில் ஊரில் பிறந்து வளர்ந்து, அரோகரா சத்தத்துக்கு ஓடிப்போன ஒருவனைப் பார்த்து நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை.

அலுவலகம் கேட்டது. அனுமதியின்றிப் பணியிடத்தை விட்டு விலகியது ஏன் என்று ஏழு நாட்களுக்குள் தன்னிலை விளக்கம் தருமாறு மெமோ வந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எழுதிக் கொடுக்கும் தாளுக்கு அங்கே அதுதான் பெயர். ஏன் என்று கேட்டிருந்தார்கள். நான் ஏன் என்று எழுதினேன். முப்பத்தொரு காரணங்கள், ஐந்து வயதிலிருந்து. தேரோட்டத்தில் மயங்கி விழுந்தது. வாத்தியார் ‘சும்மா உட்காரு’ என்றால் எப்போது எழுந்திருப்பது என்று தெரியாமல் மாலை வரை உட்கார்ந்திருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் கூரை ஓடு எண்ணியது. நரம்புத் தளர்ச்சி என்று மூன்று மருத்துவர்கள் மூன்று டானிக் எழுதியது. இன்னும் இருபத்தேழு.

அடிக்கக் கொடுத்தேன். ஒன்பதாவதில் உங்கள் இயந்திரம் நின்றது. அது நடுவில் நின்று நான் கேட்டதே இல்லை.

"சார், இத மேனேஜர்கிட்ட குடுக்கக் கூடாது."

"ஏன்? எல்லாம் உண்மைதானே?"

"அதனாலதான் சார்."

மேலாளருக்கு மூன்று வரி போதும் என்று நீங்களே அடித்தீர்கள்: உடல்நலக் குறைவு, வருந்துகிறேன், மருத்துவச் சான்று பின்னர் அளிக்கப்படும். சான்றே இல்லையே என்று நான் பதறினேன். "வாங்கப் போறோம் சார்" என்றீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னீர்கள். ஓய்வுபெற்ற மனநல மருத்துவர் ஒருவருக்கு நீங்கள் சனிக்கிழமைகளில் கட்டுரை தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிய கட்டுரை.

"குழந்தை குழந்தைனு போட்டிருந்த எடத்துலெல்லாம் உங்க பேர அடிச்சா பொருந்தும் போல இருந்துச்சு சார். நான் டாக்டரையே கேட்டுட்டேன். இந்தப் பிள்ளைங்க வளந்து எங்க போவாங்க, ஆபீசுக்குத்தான வருவாங்கன்னு."

மருத்துவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன். "பேனாவக் கீழ வெச்சிட்டு, கூட்டிக்கிட்டு வாங்கன்னார்" என்றீர்கள்.

அவர் வீட்டின் முன்னறையில் அந்த முப்பத்தொன்றையும் அவர் அரைமணி நேரம் படித்தார். படித்து முடித்ததும் தன் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, என் முகத்துக்கு நேராக இல்லாமல் உட்கார்ந்துகொண்டார். என் உடம்பு அப்போதே இளகிவிட்டது. கேள்விகள் கேட்டார். பாதிக்கு நீங்களே பதில் சொன்னீர்கள். நடுவில் எழுந்து ஜன்னலைத் திறந்தீர்கள், மூடினீர்கள், அவருடைய கண்ணாடிக் குண்டை எடுத்து உருட்டிக் கீழே போட்டீர்கள். "அம்மா, கொஞ்சம் உக்காருங்க. அடுத்த டோக்கன் உங்களுக்குத்தான்" என்றார். நாம் இருவரும் அதை வேடிக்கை என்று நினைத்தோம்.

பிறகு எனக்கு இருப்பதன் பெயர் ஆட்டிசம் என்று சொன்னார். இது நோய் அல்ல, என் அமைப்பு என்றார். அதோடு கூடவே வளர்ந்த பயமும் மனச்சோர்வும்தான் நோய், அதற்கு மருந்தும் உண்டு, பழக்கமும் உண்டு என்றார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பதிமூன்று நாள் சரியாகத் தூங்காமல், நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

அந்தத் தாளுக்குத் தன்னிலை விளக்கம் எழுதினேன்.

பார்வை: தங்கள் கடிதம். ஒன்று, நான் மனிதர்களை வெறுப்பவன் அல்ல. இரண்டு, என் தாயாரின் மரணத்தின்போது நான் அழவில்லை என்பது உண்மை. ஆனால் துக்கம் இல்லாததால் அல்ல. மூன்று, நான்கு... பத்தொன்பது வரை. கடைசியில், இந்த ஒரு முறை மன்னித்து விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்களும் உடன் வந்தீர்கள். நான் வெளி அறையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசியது கேட்டது.

"என்னம்மா இது? எனக்கு எதுக்கு இவர் எக்ஸ்ப்ளனேஷன் குடுக்கிறார்?"

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"அவருக்கு இது வரைக்கும் யார் எந்தப் பேப்பர் குடுத்தாலும் அது மெமோதான் சார். வேற மாதிரி பேப்பர் அவர் பாத்ததில்ல."

அடுத்த திங்கட்கிழமை என் மேசையில், கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு உறை இருந்தது. அலுவலக முறைப்படி அடித்த பதில். பொருள், பார்வை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. உள்ளே இரண்டே வரி: ‘பார்வையில் கண்ட தங்கள் தன்னிலை விளக்கம் ஏற்கப்பட்டது. மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.’ கீழே மருத்துவரின் கையெழுத்து. மொழி உங்களுடையது. வாழ்நாள் முழுக்க நடந்துகொண்டிருந்த ஒரு விசாரணை அன்றைக்கு முடிந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது, அம்மா. நான் அதை உங்களிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் பதிந்து கோப்பில் வைத்தேன். என்னால் முடிந்தது அது.

மருத்துவச் சான்றைக் கொடுத்ததும் அலுவலகமும் அத்தோடு விட்டுவிட்டது. தீபப் பணியிலிருந்து என்னை நீக்கிப் பதிவறையிலேயே நிரந்தரமாக வைத்தார்கள். உங்களைத்தான் விட்டுவைக்கவில்லை. தாமதத்துக்கு வருடத்துக்கு இரண்டு மெமோவாவது உங்களுக்கு வந்துகொண்டிருந்தது.

உங்கள் டோக்கன் ஆறு வருடம் கிடந்தது. எப்போது கேட்டாலும் "அது எங்கயோ தொலைஞ்சிபோச்சு சார்" என்பீர்கள். நான் ஓய்வுபெற்ற மறு வருடம், எரியும் அடுப்பை மறந்துவிட்டு நீங்கள் பௌர்ணமிக் கூட்டத்தில் யாருக்கோ வழிகாட்டப் போய், சமையலறைக் கூரையில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகுதான் போனீர்கள். மருத்துவர் ஏ.டி.எச்.டி. என்று சொல்லி, தமிழில் கவனக் குறைவு என்று விளக்க ஆரம்பித்தார். நீங்கள் அவரை நிறுத்திவிட்டீர்கள்.

"கவனம் கம்மி இல்ல டாக்டர், ஜாஸ்தி. எல்லாத்து மேலயும் இருக்குது. ஒண்ணு மேல மட்டும் நிக்கத்தான் மாட்டேங்குது."

மருத்துவர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன்.

நான்காவதை எப்படிச் சுருக்குவது என்று தெரியவில்லை. உங்கள் டோக்கனைத் தொலைத்துவிட்டிருந்த அந்த ஆறு வருடத்தில்தான் நீங்கள் மற்றவர்களுக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். முதலில் உங்கள் கணவர் கடைக்குச் சாமான் போடும் வேன்காரர். பிறகு அவருடைய மச்சான். பிறகு கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்யும் குடும்பம் ஒன்றிலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரர்; மந்திரம் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார், தட்டை நீட்டி ஒரு பக்தரின் கண்ணைப் பார்க்க அவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்னறையில் சோடாப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துகொண்டு பேசினார்கள். பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறுகளில் கூட்டம் கிடையாது. அந்தச் சத்தம் பாதிப் பேருக்கு ஆகாது.

மருத்துவருக்கு வயதாகிவிட்டது, ஆளுக்குப் பத்து நிமிடம்தான் கொடுக்க முடிந்தது. போனதும் இவர்களுக்கு வாய் அடைத்துவிடும், அல்லது வேறு கதை வந்துவிடும். அதற்குத்தான் என் முப்பத்தொன்றை ஐந்தாக்கி அந்தத் தாளை அடித்தீர்கள். எந்தச் சத்தம், எந்தத் தொடுகை தாங்கவில்லை? எதை ஆரம்பித்து முடிக்காமல் விட்டீர்கள்? எதை மாற்றினால் நிலைகுலைகிறது? வீட்டில் உங்களை என்ன பெயர் வைத்துத் திட்டுகிறார்கள்? எங்கே இருந்தால் நிம்மதி?

நாலாவது கேள்வி மரியாதையாக இல்லை என்று நான் ஆட்சேபித்தேன். "டாக்டருக்கு நாலாவது ஒண்ணே போதும் சார்" என்றீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். மரமண்டை என்று எழுதியவர்கள் என் பக்கம், பொறுப்பத்தவன் என்று எழுதியவர்கள் உங்கள் பக்கம். பத்தில் எட்டு அப்படியே பிரிந்தது. மீதி இரண்டு பேருக்கு இரண்டு திட்டும் இருந்தன.

முன்பும் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேர்க்கடலை விவசாயியை அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது நினைவிருக்கிறதா?

"பாதி கொல்லைக்கு மல்லாட்ட போட்டாம்மா. மீதி வெதைய மூட்டையிலயே வுட்டுட்டு மோட்டார் ரிப்பேர் பாக்கப் போய்ட்டான். மோட்டாரையும் கழட்டிப் போட்டுட்டு இப்ப கோழி வாங்கறேன்றான். இவனக் கட்டிக்கினு நான் படறது!"

"மோட்டாரு ஓடுச்சா?" என்று கேட்டீர்கள்.

"அது ஓடுது. பக்கத்துக் கொல்லைக்காரன் மோட்டாரும் இவன் கை வெச்சாத்தான் ஓடுது."

"அப்ப கோழி வேணாம். வெதைய நீ போடு, மோட்டார அவர் பாக்கட்டும். டாக்டர் இன்னா சொல்றாரோ அதையும் கேட்போம்."

அந்த மனிதர் சோடாப் பெட்டியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எல்லாரும் அவரைப் பார்த்தோம். நீங்கள் மட்டும் பார்க்காமல் எழுந்துபோய் அவருக்குக் கோலி சோடா உடைத்துக் கொடுத்தீர்கள். ஒருவர் அழும்போது எங்கே பார்க்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு, கண்ணைப் பார்த்துப் பேசத் தெரிந்த யாருக்கும் தெரிந்து நான் கண்டதில்லை.

எல்லாரும் சொன்ன பதிலை நான் எழுதிக்கொடுத்தேன். மருத்துவர் மாத்திரை எழுதினால் வேளை வாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அது என் வேலை. ஆளைக் கண்டுபிடிப்பதும், வீட்டாரிடம் பேசுவதும், பஸ்ஸில் கூடவே போவதும், வரமாட்டேன் என்று பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்துவிட்டவர் பக்கத்தில் தானும் மூன்று மணி நேரம் உட்கார்வதும் உங்கள் வேலை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாதவர் நீங்கள்!

இப்போது ஐந்தாவது.

உங்களுக்கு இருப்பதன் பெயர் தெரிந்த பிறகு கொஞ்ச நாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு நாள் சொன்னீர்கள்: "நாப்பத்தேழு வருஷம் சார். எங்கம்மா சாகற அன்னிக்குக்கூட ‘இவகிட்ட எதையும் நம்பிக் குடுக்காதீங்க’ன்னுதான் சொல்லிட்டுப் போச்சு. இது தெரிஞ்சிருந்தா எங்கம்மாகிட்ட இந்தச் சீட்ட காமிச்சிருப்பேன்." அதற்கு நான் "ஆம், தெரிந்திருக்கவில்லை" என்றேன். அடுத்த வாரம் நீங்கள் விடுப்பு எழுதிவிட்டுப் படுத்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பின்னறை பூட்டப்பட்டது. மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்து, கடுமையான மனச்சோர்வு என்றும், மருந்து வேலை செய்ய வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை தனியாக விடக் கூடாது என்றும் சொன்னார். அவர் எதற்குப் பயந்தார் என்று எனக்கே புரிந்தது.

உங்கள் கணவர் வந்து, "சார், நான் கடைய வுட்டுட்டு முழு நேரமும் உக்கார முடியல. சாயங்காலம் நாலு மணிக்குச் சரக்கு எறக்கற நேரத்துல நீங்க வந்து பேசிக்கிட்டு இருங்க" என்றார். என்னைப் பேசச் சொன்னார்!

போனேன். ஐம்பத்தெட்டு நாள். நாலு பத்துக்கு உள்ளே வருவேன், நாலு நாற்பதுக்குக் கிளம்புவேன். ஆறுதலாக எதுவும் பேச வரவில்லை. மனதில் என்ன இருக்கிறது என்று கேட்க நா எழவில்லை. எனக்குத் தெரிந்தது குறிப்பு போடுவது மட்டும்தான். ஆகவே சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் உங்களிடம் மறுநாளைக்கான வேலையை வாசிப்பேன்.

"நாளைக்கு. ஒன்று, காலை மாத்திரை. இரண்டு, குளியல்."

பிறகு ஒரு நாள் சுவரிடமிருந்து குரல் வந்தது.

"மூணு?"

"மூன்று இல்லை."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

பிறகு தினமும் அதே கேள்வி, அதே பதில். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படித்தான் போயிற்று. ஐம்பத்தெட்டாம் நாளுக்கு மறுநாள் நீங்கள் வேலைக்குப் போனீர்கள். அடுத்த ஞாயிறு பின்னறை திறந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம், மாரடைப்பு வந்த அந்த வாரம் வரை, அது மூடவில்லை. மருந்து உங்களை எழுப்பியது. உங்கள் கணவரின் பொறுமை எழுப்பியது. நான் இரண்டு வரி வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு மனிதராக இருந்தால் கையைப் பிடித்திருப்பார், ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். இதுதான் நான் எழுத வந்த குற்றம்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன், ஐம்பத்தெட்டா ஐம்பத்தேழா என்று உறுதிப்படுத்திக்கொள்ள. ஐம்பத்தெட்டுதான். ஆனால் முதல் நாள் குறிப்பில் ‘நின்றுகொண்டே இருந்தேன், நாற்காலிமேல் துணி மூட்டை’ என்று இருக்கிறது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் குறிப்பு: ‘நாற்காலி ஜன்னலுக்கு எதிர் மூலையில். முதுகுக்குச் சுவர். மின்விசிறிச் சத்தம் இல்லை. வசதி.’ அதற்குப் பிறகு நான் நாற்காலியைப் பற்றி எழுதவே இல்லை. எழுத எதுவும் மாறவில்லை. அது தினமும் அங்கேயே இருந்தது.

அம்மா, நான் மெதுவாகத்தான் கூட்டிப் பார்ப்பவன். உங்கள் வீட்டில் எந்தப் பொருளும் இரண்டு நாள் ஒரே இடத்தில் இருந்ததில்லை. உங்கள் கணவர் ராத்திரி அந்த மூலையில்தான் பாய் விரிப்பார். நாற்காலியை நகர்த்தாமல் அங்கே படுக்க முடியாது. காலையில் உலர்த்திய துணியெல்லாம் மதியம் நாற்காலியில்தான் குவியும். நாலு மணிக்கு அவர் கடையில் சரக்கு இறக்கிக்கொண்டிருப்பார். வீட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு முதுகுக்குச் சுவர் வேண்டும் என்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அப்படியானால் ஒவ்வொரு நாளும் நாலு பத்துக்கு முன்னால் யாரோ எழுந்து, துணியை எடுத்துக் கட்டிலில் போட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மூலையில் முதுகு சுவரோடு சேரும்படி திருப்பி வைத்துவிட்டு, திரும்பவும் வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்கள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று மருத்துவர் கவலைப்பட்ட அதே வாரத்தில். வாழ்நாளில் எதையும் நேரத்துக்குச் செய்யத் தெரியாது என்று தாயாலேயே சொல்லப்பட்ட ஒருவர், ஐம்பத்தைந்து நாள், ஒரு நாள்கூடத் தாமதம் இல்லாமல்.

நீங்கள் எழுந்திருக்க ஒரு காரணம் தினமும் நாலு பத்துக்கு வாசலில் வந்து நின்றிருக்கிறது. அது நான் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரும் அந்த நேரத்துக்கு வரவில்லை.

நான் எழுதிய ஐந்தாவது பத்தி தவறு, அம்மா.